மாப்பிள்ளை மேல் கை வைத்தவன்

எனக்கு முன்பல் ஒன்று கட்டுப்பல். யாராவது கேட்டால், அக்கா வீட்டுக்காரர் செய்த சீர் என்பேன். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள்தான் அவருக்குச் செய்துகொண்டிருந்தோம். அவர் திருப்பிச் செய்தது இது ஒன்றுதான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். உண்மையில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்தப் பல் விழுந்த மதியம்தான், மாமா செத்துப்போய்விட மாட்டார் என்ற நம்பிக்கை எனக்கு முதல்முறையாக வந்தது.

சிதம்பரம் பைபாஸில் எனக்கு லாரி டயர் பஞ்சர் கடை. பகலெல்லாம் சம்மட்டியும் கடப்பாரையுமாக நிற்கிற வேலை. கோபம் எனக்கு மூக்குக்கு மேலே நிற்கும் என்று அம்மா சொல்வாள். என் கையில் சம்மட்டியைக் கொடுத்துப் பிழைக்க விட்டது கடவுள் செய்த நல்ல காரியம், இல்லையென்றால் இவன் மனுசங்களைத்தான் அடித்துக்கொண்டிருப்பான் என்றும் சொல்வாள். என் குணத்துக்குப் பெண் கொடுக்க யாரும் முன்வரவில்லை. அப்பா போனபிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அக்காவைக் கடலூர் முதுநகரில் கொடுத்திருந்தோம்.

மாமா முதுநகர்க்காரர். கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகச் சேத்தியாத்தோப்பு போகிற தனியார் பேருந்து ஒன்றில் டிரைவர். இளவட்டத்தில் கபடி ஆடியவர். அவர் பாடிப் போனால் அஞ்சு பேர் மேலே தொங்கினாலும் அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு வந்துவிடுவார் என்று கல்யாணப் பந்தியில் அவரது கூட்டாளிகள் பீற்றிக்கொண்டார்கள். எனக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. "என்னா மச்சான்" என்று முதுகில் ஒரு போடு போடுவார். கை அச்சு அப்படியே பதியும். அவர் வந்திருக்கிறார் என்றால் நான் கடையிலிருந்து லேட்டாகத்தான் வீட்டுக்குப் போவேன்.

குறிஞ்சிப்பாடிக்கு அந்தப்பக்கம் அந்த விபத்து நடந்தது. பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பையன் பைக்கில் ரோட்டுக்கு ஏறினான். பார்க்காமல் ஏறினான். அங்கேயே உயிர் போய்விட்டது. மாமா மேல் தப்பில்லை என்று போலீசே எழுதியது. ஆனால் அதெல்லாம் பின்னால். கூடிய ஜனம் அவரை டிரைவர் சீட்டிலிருந்து சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டது. பெல்ட்டால் அடித்தார்கள், ஹெல்மெட்டால் அடித்தார்கள், ஒருவன் செங்கல்லை எடுத்தான். விழுந்த பிறகும் மிதித்தார்கள். போலீஸ் ஜீப் வரும்வரை மிதித்தார்கள்.

இதை யாரோ போனில் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டிருந்தார்கள். என் கடைக்கு வந்த ஒரு லாரி டிரைவர், அடிபடுகிறவர் யாரென்று தெரியாமல், "இங்க பாரு, என்னா மொத்து மொத்துறானுங்க" என்று என்னிடமே காட்டினார். நான் அந்தப் போனைப் பிடுங்கி கம்ப்ரஸர் மேல் அடித்து நொறுக்கினேன். பிறகு அவருக்கு வேறு போன் வாங்கிக் கொடுத்தேன். அந்தப் படத்தில் ஒன்று மட்டும் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. அஞ்சு பேரை இழுத்து வருகிற அந்த ஆள் ஒரு கையைக் கூடத் தூக்கித் தடுக்கவில்லை. இரண்டு கையையும் இரண்டு பக்கமும் விரித்துப் போட்டுக்கொண்டு, உள்ளங்கை தெரியக் கிடந்தார்.

விலா எலும்பு கூடியது, முகத்துத் தையல் பிரித்தார்கள், வாய் மட்டும் திறக்கவில்லை. மாமா பேசுவதை நிறுத்திவிட்டார். ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன் என்பதைக்கூடச் சொல்லவில்லை, தொடவில்லை, அவ்வளவுதான். தூங்குவதில்லை. முதுநகர் வீட்டில் தனியாகச் சமாளிக்க முடியாமல் அக்கா அவரைச் சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவளுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

இங்கேதான் நாங்கள் பெரிய தப்பு செய்தோம், அதுவும் மரியாதையாகச் செய்தோம். மாப்பிள்ளை அல்லவா. அவர் வந்தால் அம்மா எழுந்து நின்றாள். கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே ஒரு நாற்காலி, அதற்கு மெத்தை. அவர் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்குச் சோறு. அவர் காதில் விழும்படி யாரும் சத்தமாகப் பேசக்கூடாது, டிவி போடக்கூடாது. வந்த புதிதில் ஒருநாள் அவராகவே எழுந்துபோய் தண்ணீர் கேனைத் தூக்கப் போனார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள். "நீங்க ஏன் மாப்பிள்ளை, அவன் எதுக்கு இருக்கான்" என்று என்னைக் காட்டினாள். மாமா கையை எடுத்துக்கொண்டார். போய் அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வேலைக்கும் தானாக எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கூடவே, உடம்பை அசைக்கவேண்டும், தினமும் வேர்க்க வேர்க்க நடக்கவேண்டும், வீட்டில் ஏதாவது வேலை கொடுங்கள் என்றும் சொன்னார். மாத்திரையை அம்மா நேரம் தவறாமல் கொடுத்தாள். நடையைத்தான் அவளால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேலைவெட்டி இல்லாத மாப்பிள்ளையைத் தெருத்தெருவாக அலைய விட்டுவிட்டார்கள் என்று ஊர் பேசுமாம். அதனால் நடை மொட்டைமாடியில் என்று முடிவானது. வெயில் படக்கூடாது என்று நான் பின்னாலேயே குடை பிடித்துப் போகவேண்டும். சாமி புறப்பாடு மாதிரி இரண்டு பேரும் மாடியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். வாரம் முடிவதற்குள் அவர் படியேற மறுத்துவிட்டார். எனக்கும் குடையை அவர் தலையிலேயே போடலாம் போல இருந்தது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் அவரைக் காணோம். ரயில்வே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். கேட்மேன்தான் ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்து இழுத்து வந்திருக்கிறார். வீட்டில் கொண்டுவந்து விட்டபோது அம்மா அவருக்கு ஹார்லிக்ஸ் கலந்து கொடுத்தாள். எங்கே போயிருந்தீர்கள் என்றுகூட யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் அதைக் கேட்கலாமா? மறுநாளே டாக்டரிடம் ஓடினோம், மாத்திரையைக் கூட்டினார். அன்றிலிருந்து அக்கா கண்ணை மூடவில்லை. அவர் பாத்ரூமுக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நிற்பாள். தாழ்ப்பாளை நானே கழற்றிப் போட்டேன். அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் பார்க்கவில்லை. எல்லாம் "வாங்க, போங்க, சாப்புடுங்க" தான். அவள் உடம்பு பாதியாகிவிட்டது. இந்த ஆள் சாகப்போகிறார், இவரோடு என் அக்காவும் போகப்போகிறாள் என்று நான் தினம் டயரை அடித்துக்கொண்டே நினைப்பேன். நினைக்க நினைக்க அடி பலமாக விழும்.

அந்த மதியம் நான் சாப்பிட வந்தேன். கூடத்தில் அக்கா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைத் திருப்பினார். அவள் கெஞ்சினாள். அவர் கையை வீசினார். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கி அவள் கிண்ணத்தில் வைத்திருந்த குழம்பு அவள் கழுத்திலும் தோளிலும் கொட்டியது. அக்கா கத்தவில்லை. புடவையைத் தோளிலிருந்து பிய்த்து விலக்கிக்கொண்டே, "ஒண்ணும் இல்லீங்க, ஒண்ணும் இல்ல" என்று அவருக்குச் சமாதானம் சொல்லிவிட்டுத் தரையைத் துடைக்கக் குனிந்தாள். கழுத்துத் தோல் சிவந்து கொப்புளிக்க ஆரம்பித்திருந்தது.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. சட்டையைப் பிடித்து நாற்காலியிலிருந்து தூக்கி ஓர் அறை விட்டேன். சம்மட்டி பிடிக்கிற கை. அவர் தலை சுவரில் போய் இடித்தது. "மாப்பிள்ளை மேல கைய வெக்கிறியா, பாவி" என்று அம்மா அலறினாள். இன்னொன்று விட்டேன். அவர் உதடு கிழிந்தது. அப்போதும் அவர் கை தூக்கவில்லை. யாரோ யாரையோ அடிக்கிறார்கள் என்பதுபோல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் என்னை இன்னும் கிளப்பியது. அந்த மெத்தை நாற்காலியை எட்டி உதைக்கக் காலைத் தூக்கினேன்.

தூக்கிய கால் கீழே வரவில்லை. என் கணுக்கால் அவர் இரண்டு கைக்குள் இருந்தது. எப்போது குனிந்தார் என்றே தெரியாது. ஒரு சுண்டு சுண்டினார். நான் முகம் குப்புற நிலைப்படியில் விழுந்தேன், பல் போனது. புரண்டு எழ முயன்றேன், அவர் தலையை என் தொடையில் முட்டுக் கொடுத்து, காலைக் கட்டிக்கொண்டு மேலே விழுந்தார். முதுகில் மாறி மாறிக் குத்தினேன். விடவில்லை. முழங்கையால் இடித்தேன். விடவில்லை. அவர் மூச்சு புஸ்ஸு புஸ்ஸென்று சூடாக என் மேல் பட்டது. பிறகு, பல மாதமாக யாரும் கேட்காத அந்தக் குரல், தொண்டை கட்டிப்போய், என் தொடைப் பக்கமிருந்து கேட்டது.

"பாடுறா மச்சான். மூச்ச வுடாத. பாடு."

கபடி தெரிந்தவர்களுக்குப் புரியும். பிடிபட்டவன் பாட்டை விட்டால் அவன் அவுட். மூச்சு இருக்கிறவரை பாடிக்கொண்டே கோட்டைப் பார்த்து இழுக்கவேண்டும். அவர் எங்கள் வீட்டுக் கூடத்தில் இல்லை, ஏதோ ஒரு களத்தில் இருந்தார். வாயெல்லாம் ரத்தத்தோடு நான் "கபடி கபடி" என்றேன். அம்மா விளக்குமாற்றால் என்னைச் சாத்திக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

இதைப் படித்துவிட்டு, மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிற யாரையும் போய் அறைந்துவிடாதீர்கள். என் வாயைப் பார்த்துவிட்டு, நடந்ததைக் கேட்ட டாக்டர், என்னை உள்ளே தள்ளவேண்டும் என்றார். அடி யாரையும் குணமாக்காது, அவருடைய உடம்புக்குப் பழக்கமான ஒன்று எழுந்து வந்திருக்கிறது, அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள், பல்லை உடைக்காமல் விளையாடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாளே அம்மாவிடம் ஒரு பொய் சொன்னேன். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், மாப்பிள்ளை கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்றேன். கல்லா என்றதும் அவளுக்கு மரியாதையாகப் பட்டது, அனுப்பினாள். கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை. கண்ணாடிச் சில்லும் கருவேல முள்ளும் பொறுக்கிப் போட்டு, சுண்ணாம்பில் நடுவே ஒரு கோடு கிழித்தேன். முதல் சில நாள் அவர் கோட்டுக்கு அந்தப்பக்கம் சும்மா நின்றார். நான் பாடிப் போய் அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவேன், மல்லாந்து விழுவார். எழுவார், நிற்பார். மறுபடி தள்ளுவேன். பிறகு ஒரு நாள் தள்ளப் போன கை திரும்பி வரவில்லை. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி என்னை முள்ளுக்குள் கொண்டுபோய்ப் போட்டார். முதுகிலிருந்து முள்ளை எடுக்கும்போது அவருக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

டயருக்குக் காத்திருக்கிற டிரைவர்களும் கிளீனர்களும் சேர்ந்துகொண்டார்கள். விளையாட்டு என்று பேர்தான், பார்த்தால் கைகலப்பு. ஒருவனுக்குக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. எனக்கு விலாவில் நீலம் பாரித்தது. மாமாவின் முட்டி இரண்டும் தோலே இல்லாமல் கிடந்தன. ஆனால் கோட்டைத் தாண்டினால் அந்த மனுசன் பேசினார். "இடுப்ப எறக்கு." "கண்ணப் பாக்காத, காலப் பாரு." கோட்டுக்கு இந்தப்பக்கம் வந்தால் பழைய மௌனம்தான். அதுவும் போகப்போக இளகியது. தண்ணீர் கேட்பார். பசிக்கிறது என்பார். வீட்டுக்குப் போனதும் அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார். ஒருநாள் என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கி ஒரு லாரி டயரை ரிம்மிலிருந்து அவரே அடித்துக் கழற்றினார். நான் தள்ளி நின்றேன்.

எனக்கும் ஒன்று நடந்தது. தினமும் ஓர் ஆளோடு கட்டிப்புரண்டு, அவர் வேர்வை உன் வாயில் பட்டு, உன் ரத்தம் அவர் சட்டையில் ஒட்டியபிறகு, பழைய வெறுப்பைப் பிடித்துவைத்திருப்பது சிரமம். முதுகில் போடுகிற அந்தப் போடு திரும்பி வந்தபோது எனக்கு இனித்தது. கடையில் நான் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுவதும் குறைந்தது என்று பக்கத்து டீக்கடைக்காரர் சொன்னார். எரிந்து விழத் தெம்பு இருந்தால்தானே.

அக்கா மட்டும் என்னோடு பேசவில்லை. கழுத்தில் புண்ணுக்குக் களிம்பு போட்டுக்கொண்டே, சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றிக் காயங்களைப் பார்ப்பாள். என்னை ஒரு கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். அம்மாவோ ஆட்டுக்கால் சூப் வைக்க ஆரம்பித்துவிட்டாள். கல்லாவில் உட்காருகிற மாப்பிள்ளைக்கு முட்டி ஏன் தேய்கிறது என்று அவள் கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, கடலூருக்குப் போகலாம் என்றார். தண்ணீரும் சோறும் தவிர அவராகக் கேட்ட முதல் விஷயம். அக்காவும் பிடிவாதமாகக் கூட வந்தாள். கடற்கரை மணலில் அவருடைய முதுநகர்க் கூட்டாளிகள் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் தொப்பை போட்டிருந்தது. அவரைப் பார்த்ததும் ஒருவன் அழுதுவிட்டான், அதை மறைக்க இன்னொருவனை உதைத்தான். மணலில் காலால் கோடு கிழித்து ஆட ஆரம்பித்தார்கள்.

மாமா பாடிப் போனார். நன்றாகத்தான் போனார். ஒருவன் கணுக்காலைப் பிடித்தான், இன்னொருவன் இடுப்பை. அவர் இழுத்தார், கோட்டுக்கு ஒரு முழம்தான் பாக்கி. மிச்சமிருந்த மூன்று பேரும் அப்படியே மேலே விழுந்தார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது, ஆட்டம் அப்படித்தான். பாட்டு நின்றது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். நான் மட்டும் கத்தவில்லை. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து அவர் கை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளங்கை தெரிய, விரித்துப் போட்டபடி.

எழுந்திருங்கடா என்று கத்திக்கொண்டு ஓடினேன். விளையாட்டு மும்முரத்தில் ஒருவன் எழவில்லை. அவன் தாடையில் குத்தினேன். அவன் எழுந்து என் வயிற்றில் குத்தினான். நடுவில் வந்தவனுக்கு மூக்கு உடைந்தது. நாங்கள் அடித்துக்கொண்டிருக்க, மாமா மணலில் முகம் புதையக் கிடந்தார். சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஆட்கள் வந்து வளைத்துக்கொண்டார்கள். குறிஞ்சிப்பாடி ரோட்டில் இருந்த அதே வளையம்.

அதைப் பிளந்துகொண்டு அக்கா வந்தாள். அவரைத் தோளைப் பிடித்துப் புரட்டிப்போட்டாள். பளாரென்று கன்னத்தில் ஓர் அறை. அதுவரை வாங்க போங்க என்றே பேசிவந்தவள்.

"கையத் தூக்கு. தூக்குயா கைய. அன்னிக்கும் இப்பிடித்தான கெடந்த. ஒரு கையத் தூக்கித் தடுத்தியா? தண்டவாளத்துல போயி உக்காந்தியே, நான் எங்க போயி உக்கார்றது? சொல்லு, நான் எங்க போயி உக்கார்றது?"

ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அடி. கன்னம், தோள், தலை, எங்கே விழுகிறது என்று பார்க்கவில்லை. அத்தனை மாதமும் மரியாதைக்குள் அடைத்து வைத்தது மொத்தமும் கை வழியாக வந்தது. நான் விலக்கப் போனேன். என் முகத்திலும் ஒன்று விழுந்தது. கூட்டாளிகள் அடிதடியை விட்டுவிட்டு நின்றார்கள்.

மாமாவின் கை எழுந்தது. முதலில் முகத்தை மறைத்தது. பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்தது, ஆட்டத்தில் பிடிக்கிற பிடி. அவள் திமிறினாள், அவர் விடவில்லை. எழுந்து உட்கார்ந்தார். வாயிலிருந்து மணலைத் துப்பினார்.

"அந்தப் பையன் என்னப் பாத்தான். பிரேக்க மிதிச்சிக்கிட்டேதான் இருந்தேன். என்னையே பாத்தான்."

அக்கா மணலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பிறகு எங்கள் வீட்டில் ஒருவர்கூட வாயைத் திறந்து கேட்காததை அவள் கேட்டாள். "இன்னும் சாவணும்னு தோணுதா?"

"சில நாள் தோணுது."

"இன்னிக்கு?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "இன்னிக்கு இல்ல."

தினமும் கேட்பேன், தோன்றினால் மறைக்கக் கூடாது என்று அவள் சொன்னாள். கேளு என்றார் அவர். அவள் கையை அப்போதும் விடவில்லை. உடைந்த மூக்கோடு நின்ற கூட்டாளியைக் கூட்டிக்கொண்டு நான் ஐஸ் வாங்கப் போனேன். சிதம்பரம் திரும்புகிற பேருந்தில் அவர்கள் இரண்டு பேரும் ஒரே சீட்டில் தூங்கிவிட்டார்கள். அக்கா தூங்கி நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

மறுநாள் காலை அக்காவின் வலது கை வீங்கி, டம்ளரைப் பிடிக்கக்கூட முடியவில்லை. அம்மா வழக்கம்போல மாப்பிள்ளைக்குக் கூடத்தில் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். அக்கா அடுப்படியில் இடது கையால் தோசை திருப்பிக்கொண்டிருந்தாள். மறந்தாளோ, பயந்தாளோ தெரியவில்லை, அவள் கேட்கவில்லை. மாமா காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார். அடுப்படி வாசலில் நின்று, அவள் திரும்பிப் பார்க்கிறவரை காத்திருந்து, "இன்னிக்கும் இல்ல" என்றார்.